தோமான் குஞ்சுகள்

அப்பாவின் தூண்டில்களுக்கு எங்கள் வீட்டில் தனி மூலை உண்டு. ஆயர் ஈத்தாமில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீடு அப்படியொன்றும் பெரியதல்ல. சாமி மேடைக்கு ஒரு மூலை, என் புத்தகங்களுக்கு ஒரு மூலை என்று பங்கிட்டது போக மிச்சமிருந்த இடத்தில் ஐந்து தூண்டில்கள் சுவரில் சாய்ந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா அவற்றை எடுத்துத் துடைத்து, நூல் சுற்றும் உருளைகளுக்கு எண்ணெய் போடுவார். "சாமி விளக்கத் தொடைக்கச் சொன்னா மட்டும் கை வலிக்குது" என்பது அம்மாவின் நிரந்தரக் குற்றச்சாட்டு.

அப்பா லாரி ஓட்டுநர். பிறந்தது செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில். மூங்கில் கழியும் மண்புழுவும் வைத்துக்கொண்டு தோட்டத்துக் கால்வாயில் ஹாருவானும் பூயூவும் பிடித்துத்தான் தூண்டில் பழகினார். தோட்டம் போய்விட்டது. குடும்பம் பாலம் கடந்து தீவுக்கு வந்தது. கால்வாய் மீனும் போய்விட்டது. தீவில் கடலுக்கா பஞ்சம்? கர்னி டிரைவிலும் பத்து மாவுங்கிலும் இரவெல்லாம் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவர்கள் எத்தனையோ பேர். அப்பாவும் போய்ப் பார்த்தார். ஆனால் அவருக்குக் கடல் ஒட்டவில்லை. "கடல் மீனு வழிப்போக்கன். இன்னைக்கு இங்க, நாளைக்கு எங்கேயோ. டேம் மீனு குடியிருக்கிறவன். அவன் வீட்டு வாசல் எதுன்னு தெரிஞ்சிக்கிட்டா போதும்" என்பார்.

எங்கள் வீட்டுக்கு மேலே, குன்றின் மீதே ஓர் அணைக்கட்டு இருக்கிறது. ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு, 1962இல் கட்டி முடித்தது. காலையில் மெதுவோட்டம் போகிறவர்களோடு அப்பாவும் சில நாள் அங்கே ஏறிப் போவார், வெறுங்கையோடு. "குடிக்கிற தண்ணியில தூண்டில் போடக்கூடாதுமா." அதனால் அவர் தேர்ந்தெடுத்த அணைக்கட்டு, வீட்டிலிருந்து மூன்று மணி நேரத்துக்கும் மேல் வண்டி ஓட்டிப் போக வேண்டிய பேரா மாநிலத்துத் தெமெங்கோர். ஆண்டுக்கு இரண்டு முறை, நண்பர்கள் ஏழெட்டுப் பேர் பணம் போட்டு வீட்டுப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, இரண்டு இரவு தங்கிவிட்டு வருவார்கள். வரும்போது ஐஸ் பெட்டி நிறைந்திருந்தால் அப்பா மாடி ஏறும் சத்தமே வேறு மாதிரி இருக்கும்.

2018 ஆகஸ்டு விடுமுறையில் நானும் வருகிறேன் என்று நின்றேன். எனக்குப் பதினைந்து வயது. பி.டி.3 தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. அம்மா தேர்வைச் சொல்லித் தடுத்தார். அத்தை வேறொன்றைச் சொன்னார்: "ஆம்பளைங்க கூட்டத்துல வயசுப் பொண்ணு எதுக்குண்ணே?" அப்பா ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. அன்று மாலை கடைக்குப் போய், என் கைக்கு அடங்குகிற மாதிரி ஆறடித் தூண்டில் ஒன்றை வாங்கி வந்து மூலையில் வைத்தார். ஆறாவது தூண்டில். அத்தோடு பேச்சு முடிந்தது. நான் ஒரே பிள்ளை என்பதில் எனக்கு அதுவரை பெரிய பெருமை எதுவும் இருந்ததில்லை. அன்று இருந்தது.

அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பினோம். பாலம், பட்டர்வொர்த், கூலிம், பாலிங் என்று வேன் போய்க்கொண்டிருந்தது. கிரிக்கில் ரொட்டி சானாய் சாப்பிட்டுப் பசியாறும்போது விடிந்துவிட்டது. அங்கிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. 1982இல் திறந்த சாலை. யானை கடக்கும் இடம் என்ற மஞ்சள் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். யானை ஒன்றும் வரவில்லை. ஒரு வளைவில் திரும்பியதும் கீழே தண்ணீர் தெரிந்தது. நான் ஏரி என்றால் தாமான் குளம் மாதிரி எதையோ நினைத்திருந்தேன். இது 15,000 எக்டருக்கு மேல் பரந்து கிடந்தது. தீபகற்பத்தில் கென்யிருக்கு அடுத்த பெரிய நீர்த்தேக்கம் இதுதான்.

முதலில் என் கண்ணில் பட்டது மீனல்ல, மரம். தண்ணீருக்கு நடுவே பட்டுப்போன மரங்கள் நூற்றுக்கணக்கில் நின்றன. இலையில்லை, கிளைகள் பாதியில்லை, வெளுத்துப்போய் எலும்பு மாதிரி. 1970களில் பேரா ஆற்றை மறித்து மின்சாரத்துக்காக அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அது. காடு மட்டுமா மூழ்கியது? அந்த ஆற்றங்கரைகளில் இருந்த ஜஹாய், தெமியார் மக்களையும் வேறு குடியிருப்புகளுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். படகோட்டி பாக் சிக் ஓரிடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு, "இதுக்குக் கீழ பழைய ஆறு ஓடுது" என்று மலாயில் சொன்னார். நான் எட்டிப் பார்த்தேன். பச்சையாகத் தண்ணீர்தான் தெரிந்தது. தோட்டம் போனதைப் பற்றி அப்பா அதிகம் பேசியதில்லை. அன்று மட்டும், "நம்ம லயத்து மேல வீடமைப்பு வந்துச்சு, இவங்களுக்குத் தண்ணி வந்துருச்சு" என்றார்.

தெமெங்கோருக்குப் போகிறவர்கள் தேடுவது இரண்டு மீன்களை. ஒன்று செபாராவ். உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட மீன், ஓடை வந்து ஏரியில் விழும் வாய்களில் நின்று வேட்டையாடும். இன்னொன்று தோமான். ஹாருவானுக்குப் பெரியண்ணன் என்று சொல்லலாம். ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். பல் பயங்கரம், சாதாரண நூலைக் கடித்துத் துண்டாக்கிவிடும் என்பதால் முள்ளுக்கு முன்னால் கம்பி கட்டுவார்கள். இந்த வகை மீன்களுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வந்து காற்றையும் விழுங்க வேண்டும். தோமானைத் தேடுகிறவர்களுக்குத் துப்புக் கொடுப்பது இந்தப் பழக்கம்தான்.

அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். தோமான் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்ததும் தாயும் தகப்பனும் சேர்ந்து காவல் காக்கும். குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டமாக, செம்மஞ்சள் நிறத்தில், பந்து மாதிரி திரண்டு திரியும். அவையும் மூச்சு வாங்க மேலே வர வேண்டும். ஒன்று வந்தால் எல்லாம் வரும். "அப்போ தண்ணி மேல மழை தூர்ற மாதிரி இருக்கும். ஒடனே வானத்தைப் பாரு. வானத்துல மழை இல்லன்னா அது தோமான் குஞ்சு."

இரண்டாம் நாள் காலையில் அந்த மழையைப் பார்த்தேன். எல்லாருக்கும் முன்னால் நான்தான் பார்த்தேன் என்பதை இன்றும் சொல்லிக்கொள்ள ஒரு பக்கம் பெருமையாகத்தான் இருக்கிறது. மரக்கட்டை ஒன்றின் பக்கத்தில், ஒரு தாம்பாளம் அளவு வட்டத்துக்குள் மட்டும் சடசடவென்று தூறியது. நின்றது. பாக் சிக் எஞ்சினை அணைத்துவிட்டுத் துடுப்பால் மெதுவாகத் தள்ளினார். சற்று நேரம் கழித்து வட்டம் இன்னும் கொஞ்சம் தள்ளி எழும்பியது. குஞ்சுகள் கண்ணுக்கே தெரிந்தன. குங்குமத்தைக் கொட்டிக் கலக்கிவிட்ட மாதிரி இருந்தது.

"வட்டத்தைத் தாண்டிப் போடு. அதுங்க நடுவுல இழுத்துக்கிட்டு வா" என்றார் பாக் சிக். தவளை மாதிரி செய்த ரப்பர் பொம்மை இரை அது. மூன்று முறை தவறிப் போட்டேன். நான்காவது முறை சரியாக விழுந்தது. குஞ்சுகளின் நடுவே தவளையை இழுத்தேன். தண்ணீர் வெடித்தது.

அந்தப் பத்து நிமிடத்தை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. தூண்டில் வில்லாக வளைந்தது, உருளை கதறியது, அப்பா என் இடுப்பு வாரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். நான் கத்தினேன், சிரித்தேன், அழுதேன் என்றும் சொல்கிறார்கள். கடைசியில் வலைக்குள் கிடந்தது நாலரைக் கிலோ. நீலமும் கறுப்புமாய், பாம்புத் தலையோடு. அதைத் தூக்கிப் பிடித்தபடி நான் நிற்கும் படம் இன்றும் அப்பாவின் கைத்தொலைபேசியில் இருக்கிறது.

எங்கள் கூச்சலைக் கேட்டு அப்பாவின் நண்பர்கள் இருந்த இன்னொரு படகும் வந்துவிட்டது. ஒன்று போனால் இன்னொன்று காவலுக்கு நிற்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். அரை மணி நேரத்தில் அதையும் பிடித்துவிட்டார்கள். அது என்னுடையதைவிடப் பெரிது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பாக் சிக் எஞ்சினைக் கிளப்பும் முன் நான் திரும்பிப் பார்த்தேன். மழை மறுபடியும் தூறியது, அதே மரக்கட்டையின் பக்கத்தில். அவை எங்கும் போகவில்லை. அடுத்த முறை எழும்பியபோது கீழிருந்து ஏதோ ஒன்று பாய்ந்தது. வட்டம் உடைந்து, கொஞ்சம் தள்ளிக் கூடியது, முன்பைவிடச் சிறியதாக. "இனி அது என்ன ஆகும்?" என்று பாக் சிக்கைக் கேட்டேன். அவர் கெட்டவர் அல்ல. தோளைக் குலுக்கி, "ஹபிஸ்லா" என்றார். அப்பா ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்திக்கொண்டே இருந்தார். மூடி ஏற்கெனவே சரியாகத்தான் மூடியிருந்தது.

வீட்டில் திருவிழாதான். அம்மா மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார். எதிர்த்தாற்போல் இருந்த அத்தையே தட்டோடு வந்து, "பரவாயில்லையே, ஆம்பளப் பிள்ளை தோத்துச்சு" என்றார். நான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட முடியாமல் எழுந்து போனேன் என்று எழுதினால் படிக்க நன்றாயிருக்கும். ஆனால் நான் இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டேன். தூறல் ஞாபகம் வந்தது சில நாள் கழித்து, பள்ளியில் கணிதப் பாடத்தின் நடுவே, ஜன்னலுக்கு வெளியே உண்மையான மழை பெய்தபோது.

பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு இந்த மீன்களைப் பற்றி நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு ஒரு சொல்தான் காரணம். தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் வரால் என்ற மீன் பெயர் எனக்குத் தெரியும். சங்கப் பாடல்களின் வயல்களில் அது துள்ளிக்கொண்டே இருக்கும் என்று ஆசிரியர் சொல்வார். என்னைப் பொறுத்தவரை அது இலக்கியத்தில் மட்டுமே வாழ்கிற மீன், அன்னப்பறவை மாதிரி. ஹாருவான் என்பது வேறு. சந்தையில் சீனர் கடையில் வாளித் தண்ணீரில் நெளிவது. அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குப் புண் ஆற, நம் நாட்டில் மூவினத்தாரும் சூப் வைத்துக் கொடுப்பது. என்னை வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பாட்டி அம்மாவுக்கு நாற்பது நாளும் ஹாருவான் சூப் கொடுத்தாராம். இந்த இரண்டும் ஒரே மீன் என்பது இருபது வயதில்தான் எனக்குத் தெரிந்தது. தமிழ்நாட்டு வராலும் நம் ஊர் ஹாருவானும் ஒரே இனம். அப்பா கால்வாயில் பிடித்த பூயூதான் அங்கே பனையேறிக் கெண்டை. அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "அப்படியா? அப்போ எங்கப்பா ஊர்லயும் அதத்தான் புடிச்சிருப்பாரு" என்றார். அவர் குரலில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தால் ஏதோ தொலைந்த சொந்தக்காரரைக் கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

தோமானுக்கும் அங்கே ஓர் உறவு உண்டு. கேரளத்து ஆறுகளில் அதைப் போலவே ஒரு மீன் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து யாரோ கொண்டுபோய் விட்டிருப்பார்கள் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2011இல் மரபணுவை ஆராய்ந்து பார்த்து, அது வந்தேறி அல்ல, அந்த மண்ணுக்கே உரிய தனி இனம் என்று சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு நான் நூலகத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்படித் தேடும்போதுதான் கோக்கனி என்ற மீனும் கண்ணில் பட்டது. சால்மன் குடும்பத்து மீன். சால்மன் கடலுக்குப் போய் வளர்ந்து ஆற்றுக்குத் திரும்பும் என்று நமக்குத் தெரியும். கோக்கனி கடலையே பார்ப்பதில்லை. ஏரியிலேயே வாழ்ந்து முடிக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அணைக்கட்டு ஏரிகளில் அதைக் கொண்டுவந்து விட்டு, டிரவுட் மீனோடு சேர்த்துத் தூண்டிலில் பிடிக்கிறார்கள். அங்கேயும் யாரோ ஓர் அப்பா விடியற்காலையில் ஐஸ் பெட்டியோடு கிளம்புவார் போலும். (டிரவுட்டை வெள்ளைக்காரன் நீலகிரிக்கும் கொண்டுபோனான். அவலாஞ்சியில் அதற்கென்றே பொரிப்பகம் உண்டு.) கோக்கனி மூன்று நான்கு வயதில் உடம்பெல்லாம் சிவந்து, முட்டையிட்டு, இறந்துபோகும். தன் குஞ்சு எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. தோமான் அப்படியல்ல. குஞ்சுகள் இருக்கும் இடத்தைவிட்டு அது விலகாது. நான் இழுத்த தவளையை அது பசிக்காகக் கவ்வவில்லை. குஞ்சுகளுக்கு நடுவே வந்த எதிரியைக் கடித்தது. இதை விவரமாகப் படித்த அன்று இரவு அப்பாவுக்கு அழைத்தேன்.

"அப்பா, குஞ்சோட இருக்கறதப் பிடிச்சா எல்லாம் செத்துரும்னு ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் என்னைப் போட விட்டீங்க?"

கொஞ்ச நேரம் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது. "நீ அன்னைக்கு எப்படி இருந்த தெரியுமா? மொதல் தடவையா நீ பார்த்து, நீயே கண்டுபிடிச்ச. அந்த நேரத்துல வேணாம்னு எப்படிமா சொல்றது?" பிறகு, "நான் குஞ்சு மேல போடறதில்ல. எப்பவுமே போட்டதில்ல. ஒன்கிட்ட சொல்லல" என்றார்.

நான் கேள்வி கேட்டதற்காக வருந்தினேன். அவரும் பதில் சொன்னதற்காக வருந்தியிருப்பார் என்று நினைக்கிறேன். அப்புறம் இருவரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம்.

இதற்கிடையில் பல நடந்துவிட்டன. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து தெமெங்கோர்ப் பயணம் நின்றது. அப்பாவின் நண்பர்களில் ஒருவர் தவறிப்போனார். அப்பாவுக்கு இனிப்புநீர் கண்ணுக்கு ஏறியது. இரண்டு கண்ணிலும் லேசர் வைத்தும் தூரத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரிகிறது. லாரியை விட்டுவிட்டு இப்போது கிடங்கில் கணக்குப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை தூண்டில் துடைப்பது மட்டும் நிற்கவில்லை. முடிச்சுப் போட அவருக்குக் கண் தேவையில்லை, விரலே போதும்.

கடந்த ஆண்டு பருவ விடுமுறையில் நான்தான் அவரை அழைத்துப் போனேன். வேனை நானே ஓட்டினேன். கிரிக்கில் அதே கடையில் பசியாறினோம். பாக் சிக் இன்னும் படகு ஓட்டுகிறார். என்னைப் பார்த்து உயரத்தைக் கையால் அளந்து காட்டிச் சிரித்தார். மரங்கள் முன்பைவிடக் குறைந்திருந்தன. மிச்சமிருந்தவையும் குட்டையாகிப் போயிருந்தன.

இரண்டு நாளும் அப்பாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "எங்க அலை ஒடையுது சொல்லு, எந்தக் கட்டைக்குப் பக்கத்துல நிழல் இருக்கு சொல்லு" என்று கேட்டுக் கேட்டுப் போட்டார். நான் அவருக்குக் கண்ணாக இருந்தேன். பத்து மணிக் கை, ரெண்டு மணிக் கை என்று கடிகாரம் வைத்துச் சொல்வேன். அவர் வீசுவது இன்னும் அழகுதான். கட்டைக்கு ஒரு முழம் தள்ளி இரை சத்தமில்லாமல் இறங்கும். ஆனால் மீன் இல்லை. வெறும் ஐஸ் பெட்டியோடு மாடி ஏற வேண்டியிருக்கும் என்று எனக்குள் ஒரு சங்கடம். இனி எத்தனை முறை வரப்போகிறார்?

கடைசி நாள் காலை, பனி முழுதாகக் கலையவில்லை. எங்கள் படகுக்கு இடப் பக்கம் பத்தடி தூரத்தில் தண்ணீர் தூறியது. செம்மஞ்சள் வட்டம். அதன் அடியில் கறுப்பாக ஏதோ ஒன்று மெதுவாகத் திரும்பியது. நல்ல பெரியது. அப்பா வலப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஏதாச்சும் தெரியுதாமா?"

"ஒன்னும் இல்லப்பா."

பாக் சிக் பார்த்துவிட்டார். என்னைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிகரெட் பற்ற வைத்தார்.

வட்டம் மறுபடியும் எழும்பியது, இம்முறை இன்னும் கிட்டத்தில். அந்தச் சடசடப்பு அமைதியான தண்ணீரில் நன்றாகவே கேட்டது. அப்பா நூல் சுற்றுவதை நிறுத்தினார். தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார்.

"மழையாம்மா?"

நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம்கூட இல்லை.

"ஆமாப்பா. லேசா தூறுது."

அவர் உள்ளங்கையை வெளியே நீட்டிப் பார்த்தார். சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, மிச்ச நூலைச் சுற்றி முடித்தார்.

"சரி, பாக் சிக்கை வேற எடத்துக்குப் போகச் சொல்லு."